கழித்த கோடு

"மேடம், என் தூளுக்கு இந்த ஜென்மத்துல காந்தம் ஏறாது," என்றார் தாணு.

மேடம் என்றால் பேராசிரியர் ஃபர்ஸானா. தாணு என்றால் சிதம்பரதாணு, நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். வயது ஐம்பதைத் தொடப்போகிறது. ஃபர்ஸானாவுக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. ஆனாலும் பிஎச்.டி. என்று வந்துவிட்டால் வழிகாட்டி வழிகாட்டிதான், மாணவர் மாணவர்தான். தாணு அவரை மேடம் என்பார். மேடம் இவரை சார் என்பார்.

"வெளிச்சம் எப்படி இருக்கு சார்?"

"வெளிச்சமெல்லாம் கொள்ளாம். அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. காந்தந்தான் வரமாட்டேங்குது."

"வராட்டி என்ன?"

தாணுவுக்குச் சுருக்கென்றது. இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் முனைவர் பட்டம் இல்லையென்றால் வேலை இல்லை என்று கல்லூரி நிர்வாகம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது. மேடத்துக்கும் அது தெரியும். ஆய்வேட்டின் தலைப்பிலேயே ஒளி, காந்தம் இரண்டும் இருக்கின்றன. பாதித் தலைப்புக்கு யார் பட்டம் கொடுப்பார்கள்?

தாணுவின் தூள் ஒன்றும் அபூர்வமான சரக்கில்லை. துத்தநாக ஆக்சைடு. வேர்க்குருவுக்குப் பூசும் களிம்பில் இருக்கிற அதே வெள்ளைப் பொடி. அதைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுணுக்கமாக விளைவித்து, ஊடே துளி மாங்கனீசு சேர்த்தால், ஒளியும் தரும், காந்தமும் ஆகும் என்று எத்தனையோ பேர் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் வந்தது தாணுவுக்கு மட்டும் வரவில்லை.

"நான் என்ன செய்யட்டும் மேடம்?"

மேடம் தொட்டியில் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் கழுவினார்.

"நல்லா கழுவுங்க சார்," என்றார்.

இதைச் சொல்வதற்கு ஒரு பேராசிரியரா என்று நினைத்துக்கொண்டே தாணு பஸ் ஏறினார்.

*

அடுத்த முறை உலையின் சூட்டைக் கூட்டிவிட்டார்.

யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்ததுதான். சூடு கூடினால் மாங்கனீசுக்கு ரோஷம் வரும் என்று ஒரு எண்ணம்.

சூட்டில் தூள் இறுகி, அதை வைத்திருந்த பீங்கான் கிண்ணத்தின், அதாவது மூசையின், அடியில் அப்பிக்கொண்டது. அடிப்பிடித்த பொங்கல் மாதிரி. தாணு விடுகிற ஆளா? ஸ்பாட்டுலா என்கிற தட்டையான எஃகுக் கரண்டியை எடுத்து, மூசையை மடியில் இடுக்கிக்கொண்டு, விரல் வலிக்கச் சுரண்டினார். ஒரு பொட்டுக்கூட விடாமல் எடுத்துக் கல்வத்தில் அரைத்து, சின்ன கேப்சூலில் அடைத்து, காந்தமானியில் மாட்டினார்.

இயந்திரம் கோடு போட்டது. எப்போதும் போலச் சாய்ந்த நேர்க்கோடு. ஆனால் இந்த முறை நடுவில் லேசாக ஒரு புடைப்பு.

தாணு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

காந்தமில்லாத பொருளுக்கு நேர்க்கோடுதான் வரும். நிஜமான காந்தத்துக்குக் கோடு போகும்போது ஒரு வழி, திரும்பும்போது ஒரு வழி போய், நடுவில் ஒரு லூப் விழும். அந்த லூப்புக்காகத்தான் இத்தனை பாடும். சாய்ந்த நேர்க்கோடு கேப்சூலிலிருந்தும் அதை மாட்டுகிற பிடியிலிருந்தும் வருகிற குப்பை, அதைப் பின்னணி என்று கழித்துவிட வேண்டும் என்பது ஆய்வகத்து வழக்கம். கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். சேர்ந்த நாளிலிருந்து தாணு தட்டுகிற பொத்தான். இதுவரை தட்டினால் மிஞ்சியது ஒன்றுமில்லை.

இன்று தட்டினார். அழகான லூப் மிஞ்சியது.

"சொர்ணம்," என்று அங்கிருந்தே மனைவிக்குப் போன் போட்டார். "வந்துட்டு!"

*

மறுநாள் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்தோடு மேடத்தின் அறைக்குப் போனார்.

மேடம் ஒன்று எடுத்துச் சாப்பிட்டார். இன்னொன்றும் எடுத்தார்.

"நல்லாருக்கு சார். யாரு செஞ்சாங்க?"

"வீட்டுலதான். மேடம், கிராஃப்..."

மேடம் கிராஃபைப் பார்த்தார். அழகான லூப்தான். யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். மேடம் சொல்லவில்லை.

"கடையில விக்கிற ஜிங்க் ஆக்சைடு ஒரு பாட்டில் எடுத்துக்கோங்க. மாங்கனீசு சேக்க வேண்டாம். மத்தபடி உங்க தூளுக்கு என்னென்ன செஞ்சீங்களோ, அத்தனையும் அதுக்கும் செய்யுங்க. அதே உலை, அதே சூடு, அதே கை."

"அதுல காந்தம் இருக்காதே மேடம்?"

"இருக்காதுல்ல?"

"எப்படி இருக்கும்? வெறும் ஜிங்க் ஆக்சைடு."

"அப்போ செஞ்சு பாக்குறதுல என்ன சார் கஷ்டம்?"

தாணு டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தார். அவருடைய ஆய்வைப் பார்த்து ஒப்புதல் தரும் ஆய்வுக்குழு கூடப்போகிறது. வெளியூரிலிருந்து பேராசிரியர் கோதண்டபாணி வருகிறார், இந்தத் துறையில் பெரிய ஆள், லூப் காட்டிக் காட்டியே பேர் வாங்கியவர். அவர் முன்னால் நின்று பேசத் தயாராக வேண்டிய நேரத்தில் கடைப் பொடியை வேகவைத்துக்கொண்டிருக்கச் சொல்கிறார்கள்!

டீக்கடையில் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "இந்த அம்மாவுக்கு நம்மள பாஸாக்க மனசில்ல."

ஆனாலும் செய்தார். வீம்புக்குச் செய்தார். ஒரு குறை வைக்காமல் செய்து, கொண்டுபோய் மேஜையில் போட்டு, பாருங்க மேடம், ஒண்ணுமில்ல என்று சொல்ல வேண்டும்.

கடைத்தூளும் மூசையில் இறுகிக்கொண்டது. அதையும் சுரண்டினார். அரைத்தார். அடைத்தார். மாட்டினார். பொத்தானைத் தட்டினார்.

லூப் வந்தது.

பழைய லூப்பை அதன் மேல் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

பாட்டிலில்தான் கோளாறு என்று, பாட்டிலிலிருந்தே நேராகக் கொஞ்சம் எடுத்துக் கேப்சூலில் போட்டு அளந்தார். லூப் இல்லை. உலையில் வைத்து, சுரண்டாமல் தட்டிக் கொட்டிய துணுக்கை அளந்தார். அதிலும் இல்லை.

அப்புறம் மேஜை மேல் கிடந்த ஸ்பாட்டுலாவை எடுத்துப் பார்த்தார். வாங்கும்போது அதன் முனை வட்டமாக இருந்தது. இப்போது ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்துபோயிருந்தது.

தேய்ந்தது எங்கே போயிருக்கும் என்று யோசிக்க அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. இரும்பின் காந்தத்தைத் தன் தூளின் காந்தம் என்று நம்பி, மேடத்துக்கு முந்திரிக்கொத்து வேறு கொடுத்திருக்கிறார். சொர்ணம் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அழுகை வந்தது. ஆய்வகத்தில் வேறு ஆட்கள் இருந்ததால் மூக்கைச் சிந்துவது போல அடக்கிக்கொண்டார்.

*

"நான் நிறுத்திக்கிடுறேன் மேடம்."

ஸ்பாட்டுலாவை மேஜை மேல் வைத்தார். கூடவே இரண்டு லூப்களையும் வைத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

மேடம் ஸ்பாட்டுலாவின் முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"காலேஜ்ல என்ன சொல்வீங்க?"

"என்னத்த சொல்ல? அவங்களே அனுப்பிருவாங்க. டியூசன் எடுத்துப் பிழைச்சுக்கிடலாம். சவம், அதுல என்ன இருக்கு." சொல்லும்போதே குரல் உடைந்தது.

மேடம் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இந்த ரெண்டு கிராஃபும் கழிச்சதுதானே சார்?"

"ஆமா. பின்னணியைக் கழிச்சாச்சு."

"கழிக்காதது வேணும். ரெண்டுத்தையும் அச்செடுத்துட்டு வாங்க."

"இனிமே எதுக்கு மேடம்?"

"நிறுத்துறதுக்கு முன்னாடி அத மட்டும் செஞ்சுடுங்க."

தாணு போய் எடுத்து வந்தார். நிறுத்தப்போகிற மனுஷனுக்கு ஒரு வேலை மிச்சமிருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

மேடம் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். வெளியே நல்ல வெயில். இரண்டு கோடுகளும் ஒரே தாளில் இருப்பது போலத் தெரிந்தன.

கழித்தபோது ஒன்றுபோல இருந்தவை, கழிக்காதபோது ஒன்றுபோல இல்லை. விரித்த கத்தரிக்கோல் மாதிரி, நடுவில் சந்தித்து ஆளுக்கொரு பக்கம் போயின.

"கீழ இறங்குற கோடு எது சார்?"

"கடைத்தூள். வெறும் ஜிங்க் ஆக்சைடு. காந்தத்தைக் கண்டா லேசா ஒதுங்கும். அதோட குணம் அதாக்கும்."

"மேல ஏறுறது?"

"என் தூள்."

"ரெண்டுலயும் ஒரே கேப்சூல். ஒரே பிடி. ரெண்டுலயும் ஸ்பாட்டுலா இருக்கு. ஒண்ணு ஏன் ஏறுது?"

தாணு மேலே ஏறுகிற கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"வெளிச்சம் பாத்துட்டு ஒரு அத்தியாயம் எழுதினீங்களே. அதுல மாங்கனீசு எங்க இருக்குன்னு எழுதினீங்க?"

"உள்ள போயாச்சுன்னு. துத்தநாகம் இருந்த இடத்துல, ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம, தனித்தனியா உக்காந்திருக்குன்னு."

"நல்லா எழுதியிருந்தீங்க. அப்படித் தனித்தனியா உக்காந்திருந்தா காந்தமானி என்ன காட்டும்?"

"லூப் காட்டாது மேடம். ஒண்ணோட ஒண்ணு கைகோத்தாத்தான் லூப். தனித்தனியா இருந்தா ஒவ்வொண்ணும் தன்னால ஆனமட்டுக்குத் திரும்பிப் பாக்கும். அவ்வளவுதான். நேர்க்கோடா..."

நிறுத்திக்கொண்டார்.

"நேர்க்கோடா?"

"மேல ஏறும்," என்றார் தாணு.

மேடம் தாள்களை ஜன்னலிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இந்தக் கோட்டை இத்தனை நாளா என்ன செஞ்சீங்க சார்?"

தாணு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கழிச்சுட்டேன் மேடம்," என்றார். "வந்த நாள்லேருந்து கழிச்சுட்டேன். தூளை எல்லாம் கழிச்சுட்டு, ஸ்பாட்டுலாவை வச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷி, அதுவரை அடக்கி வைத்திருந்தார் போலும்.

*

தாணு உலையின் சூட்டைப் பழையபடி குறைத்தார். தூள் மெத்தென்று விளைந்தது. எஃகு எதுவும் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டார். வெறும் கேப்சூலைத் தனியே அளந்து, அதன் பங்கை மட்டும் கழித்தார்.

பழைய அளவீடுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அதே முறையில் திருத்தினார். தூக்கி எறியாமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! கோடுகள் எல்லாம் மேலே ஏறின. மாங்கனீசு கூடக்கூடக் கோடும் நிமிர்ந்தது. மாங்கனீசு உள்ளே போகப்போகத் தூளின் ஒளி மங்கும்; எந்த அளவில் ஒளி மங்கியதோ, அந்த அளவில் கோடு எழுந்தது. வெளிச்சமும் காந்தமும் இத்தனை நாளும் ஒரே சேதியைத்தான் சொல்லியிருக்கின்றன. கேட்கத்தான் ஆளில்லை.

ஆய்வுக்குழுவுக்கு முந்தின நாள் மேடத்திடம் போனார்.

"ஸ்பாட்டுலா கதையைச் சொல்லணுமா மேடம்?"

"உங்க இஷ்டம்."

"சொன்னா சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க."

"சொல்லாட்டி?"

மேடம் கடைசி முந்திரிக்கொத்தை டப்பாவிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைய இருக்கும்போது யாரால் பதில் சொல்ல முடியும்?

*

தாணு சொன்னார்.

முதலில் தன்னுடைய லூப்பைத் திரையில் காட்டினார். பேராசிரியர் கோதண்டபாணி திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்ததாகக் கடைத்தூளின் லூப்பைக் காட்டினார். கோதண்டபாணியின் தலை நின்றது. அதற்கடுத்து ஸ்பாட்டுலாவின் படம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தாணு அது அடங்கும்வரை நின்றுவிட்டு, மேலே ஏறும் நேர்க்கோடுகளைக் காட்டினார். ஒளியின் அளவீடுகளைப் பக்கத்தில் வைத்தார்.

"ஆக, உங்க தூள் காந்தமில்ல," என்றார் கோதண்டபாணி.

"நீங்க சொல்ற காந்தமில்ல சார்."

"எங்க லேப்ல பண்றவங்க எல்லாருக்கும் லூப் வருதே?"

"எனக்கும் வந்துது சார்."

மேடம் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாணு எதிர்த்துப் பேசிவிட்டோமோ என்று பயந்தார். உள்ளதைத்தானே சொன்னோம் என்றும் இருந்தது. கல்லூரி, சம்பளம், சொர்ணம் எல்லாம் மனசில் ஓடின. ஆனாலும் திரையில் இருந்த கோட்டைத் திரும்பிப் பார்த்தபோது அவருக்கு ஒரு தைரியம் வந்தது. அது அவருடைய தூளின் கோடு. வேறு யாருடையதும் இல்லை.

குழுவின் தலைவர் கேட்டார்: "வேற ஏதாவது கேள்வி இருக்கா சார்?"

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார்.

தாணு மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ தூளை எதை வச்சு எடுக்குறீங்க?"

"பிளாஸ்டிக் கரண்டி சார். ஐஸ்கிரீம் கப்போட குடுப்பாங்கல்லா, அதாக்கும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கோதண்டபாணி ஒப்புதல் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப்போனவர் மூடாமல், சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எந்த ஐஸ்கிரீம் கடை?" என்று கேட்டார்.